ஒரே நிமிடத்தில் நாற்பது ஷூ

அத்தியாயம் 5

"திருடின்னு வாயால சொல்லலைண்ணே. ஆனா நான் உள்ளே நுழைஞ்சதும், மேஜை மேல கிடந்த பேனாவை எடுத்து பாக்கெட்டுல சொருகிக்கிட்டாரு மேனேஜர்."

டிசைனர் இதைச் சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். பட்டாசு எதற்கும் ஒரு பதில் வைத்திருப்பவன். அந்த வாய்க்காகத்தான் அவனுக்கு அந்தப் பேரே வந்தது. 

"பேனாவா? அந்த ஆளு கையெழுத்துக்கு அது ஒண்ணுதான் குறைச்சல்" என்று கடைசியில் ஏதோ சொல்லி வைத்தான். யாரும் சிரிக்கவில்லை.

அவனுக்கு இது வெறும் கேஸ் இல்லை. டிசைனரின் புருஷன் அவனோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவன். புருஷன், பெண்டாட்டி இருவருக்கும் ஒரே ஷூ கம்பெனியில் வேலை. அவள் படம் வரைவாள். அவன் கட்டிங் மாஸ்டர். அந்தப் படத்தை மெஷினுக்குக் கொடுத்துத் தோலை வெட்டுவான். நண்பன் வீட்டில் பிரச்னை என்று கேள்விப்பட்டதும், யாரும் கூப்பிடாமலே தன் பாஸைக் கையோடு இழுத்து வந்துவிட்டான் பட்டாசு.

பாஸ் துப்பறியும் பெண்மணி, ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். தூரத்தில் இருப்பது நன்றாகத் தெரியும், பக்கத்தில் இருப்பதற்குக் கண்ணாடி வேண்டும். ஊரில் அவருக்குக் கழுகு என்று பேர். முதுகுக்குப் பின்னால் சொல்வதாக எல்லோரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அவருக்குத் தெரியும்.

"மறுபடி சொல்லும்மா. மெதுவா சொல்லு" என்றார் கழுகு.

விஷயம் இதுதான். வருஷத்துக்கு ஒரு தடவை கம்பெனி டிசைனர்கள் ஆளுக்கொரு புது ஷூ வரைந்து கொடுக்க வேண்டும். கொடுக்கிற நாள் வரை யாரும் யாரிடமும் காட்டமாட்டார்கள். இவள் வரைந்தது ஒரு குழந்தைகள் ஷூ. காலை நுழைத்தால் குதிகால் பக்கம் மடங்கிக் கொடுக்கும், உள்ளே போனதும் தானே எழுந்து நிற்கும். குனிய வேண்டாம், கட்ட வேண்டாம். இருபதாம் தேதி கொண்டுபோய்க் கொடுத்தாள். மேனேஜர் விழித்தார். அச்சு அசலாக அதே ஷூவை முதலாளியின் அக்கா மகன், எல்லோரும் சின்னவர் என்று கூப்பிடும் பையன், பத்தாம் தேதியே கொடுத்துவிட்டிருந்தான்.

"சரி, யாரு முதல்ல வரைஞ்சதுன்னு பார்த்துடலாம்னு என் லாப்டாப்பைத் திறக்கச் சொன்னாங்க மேடம். நானும் தைரியமா திறந்தேன். எல்லாப் படத்துலயும் பதினெட்டாம் தேதின்னு இருக்கு. சின்னவர் குடுத்ததுக்கு அப்புறம்! சத்தியமா நான் அதை வரைய ஆரம்பிச்சு ஏழு மாசம் ஆச்சு."

"இன்னைக்கு நாலு மணிக்குக் கூட்டமாமே?"

"ஆமா. முதல்ல வரைஞ்சது நான்தான்னு காட்டலைன்னா வேலையை விட்டுத் தூக்கிடுவாங்க. வேலை போனா போகட்டும். ஆனா இந்தத் தொழில்ல ஒரு தடவை திருடின்னு பேர் வந்துட்டா, ஒரு கம்பெனி வாட்ச்மேன்கூட கேட்டைத் திறக்கமாட்டான்."

கட்டிங் மாஸ்டர் சமையலறையிலிருந்து டீ கொண்டுவந்து வைத்தான். மனைவியின் தம்ளரை மட்டும் ஆற்றிக் கொடுத்தான். "கொஞ்சமாவது குடி. காலையிலேருந்து வெறும் வயிறு" என்றான்.

"பாருங்க பாஸ், எப்படித் தாங்கறான்னு. இவனை மாதிரி ஒருத்தன் கிடைச்சா நானே கட்டிக்குவேன்" என்றான் பட்டாசு.

"வாயை மூடு. லாப்டாப்பை இப்படித் திருப்பு."

கழுகு கண்ணாடியை மூக்கின் மேல் ஏற்றிக்கொண்டு திரையைப் பார்த்தார். புத்தம் புது லாப்டாப். ஓரத்து பிளாஸ்டிக் தாளைக்கூட இன்னும் உரிக்கவில்லை.

"இந்த ஷூவுக்கு மொத்தம் எத்தனை படம்மா?"

"நாற்பது மேடம். அடிப்பாகம், மேல்பாகம், ஒவ்வொரு சைஸுக்கும் தனித்தனியா. சரிவராம விட்டதும் அதுல சேர்த்தி."

"நாற்பதையும் பதினெட்டாம் தேதி, ஒரே நிமிஷத்துல வரைஞ்சு முடிச்சிருக்கே."

டிசைனர் புரியாமல் பார்த்தாள்.

"தேதியை மட்டும் பார்த்தா போதுமா? பக்கத்துல மணியும் இருக்குல்ல. நாற்பது படத்துக்கும் அதே மணி, அதே நிமிஷம்."

பட்டாசு எட்டிப் பார்த்தான். "அடேங்கப்பா! தங்கச்சிக்கு நாற்பது கை இருந்தாலும் நாற்பது மவுஸுக்கு எங்கே போறது? மேனேஜர் இதைப் பார்க்கவே இல்லையா?"

"திருடின்னு முடிவு பண்ணிட்டுப் பார்த்தா தேதிதான் தெரியும், மணி தெரியாது. இது வரைஞ்ச நேரம் இல்லை. இந்த லாப்டாப்புக்குள்ள வந்து இறங்கின நேரம். பழைய லாப்டாப் என்னாச்சு?"

"பதினேழாம் தேதி தண்ணி கொட்டிடுச்சு மேடம்" என்றாள் டிசைனர். "இவர் கை தவறிட்டாரு பாவம். ஆனா எல்லாம் க்ளவுட்ல இருந்ததால தப்பிச்சேன். மறுநாளே லீவு போட்டு, புதுசு வாங்கிட்டு வந்து, இவரே உட்கார்ந்து எல்லாத்தையும் இறக்கிக் குடுத்தாரு."

கட்டிங் மாஸ்டர் நெற்றியில் தட்டிக்கொண்டான். "ஐயோ, தப்பு என்னோடதுங்க மேடம்! இப்பத்தான் உறைக்குது. க்ளவுட்லேருந்து இறக்கறப்போ, பழைய தேதியை அப்படியே வைக்கணுமான்னு ஒரு டிக் இருக்கும். டிக் இருந்தா வரைஞ்ச தேதி அப்படியே வரும். எடுத்துட்டா இறக்கின நேரம் விழும். எங்க கட்டிங் ரூம்ல நாங்க எப்பவும் டிக்கை எடுத்துடுவோம்."

"ஏன்?"

"மெஷின் எது புதுத் தேதியோ அதைத்தான் வெட்டும். டிக் இருந்தா புதுசா வந்த படம் பழைய தேதியோட கீழே போயிடும், மெஷின் பழைய சைஸை வெட்டித் தள்ளிடும். ஒரு தடவை ஒரு லோடு தோலே பாழாச்சு. அதுலேருந்து எல்லாருக்கும் கை தானா அந்த டிக்குக்குப் போகும். பழக்கதோஷம்."

"சரி, க்ளவுட்ல இருந்த பழைய தேதி?"

"அது ரெண்டு பக்கமும் ஒண்ணாக்கற ப்ரோக்ராம் மேடம். இங்கே தேதி புதுசா இருந்ததால, இதுதான் லேட்டஸ்ட்னு நெனைச்சு மேலே க்ளவுட்லயும் இதையே ஏத்திடுச்சு."

"பழைய பிரதி கொஞ்ச நாள் மேலே கிடக்குமே?"

"இடம் நிறைஞ்சுடுச்சுன்னு... அதையும் நான்தான் காலி பண்ணேன்." கட்டிங் மாஸ்டர் தலையைக் குனிந்துகொண்டான்.

டிசைனர் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். "விடுங்க. எனக்கு உதவி பண்ணத்தானே போனீங்க."

பட்டாசுக்கு நெஞ்சு லேசாகிவிட்டது. "கேஸ் முடிஞ்சுது பாஸ்! இவனைக் கூட்டிட்டுப் போய் மேனேஜர் முன்னாடி நிறுத்தி, என் பழக்கதோஷம்னு சொல்ல வைப்போம். தங்கச்சி பேர் க்ளீன்."

"தேதி ஏன் தப்பா இருக்குன்னு சொல்லலாம். அவதான் முதல்ல வரைஞ்சான்னு அதுல எங்கே இருக்கு?"

கழுகு பேசிக்கொண்டே திரையை மேலும் கீழும் உருட்டிக்கொண்டிருந்தார். உருட்டுவது நின்றது.

"இது என்னம்மா?"

"போன வருஷம் நான் வரைஞ்ச மழைக்கால ஷூ."

"இது?"

"அதுக்கு முந்தின வருஷத்து ஸ்கூல் ஷூ. எல்லாம் என்னோடதுதான்."

"எல்லாம் அன்னைக்கே, ஒண்ணாவே இறக்கினதுதானே?"

"ஆமா."

"மழைக்கால ஷூவுக்குப் போன வருஷத் தேதி இருக்கு. ஸ்கூல் ஷூவுக்கு அதுக்கு முந்தின வருஷத் தேதி. உங்க குடும்ப போட்டோ, கரண்ட் பில், எல்லாத்துக்கும் அதது தேதி பத்திரமா இருக்கு. இந்த ஒரே ஒரு ஷூவுக்கு மட்டும் டிக் எடுபட்டிருக்கு." கழுகு கண்ணாடியைக் கழற்றினார். "பழக்கதோஷம்னா எல்லாத்தையும் கெடுக்கும். இப்படிப் பார்த்துப் பொறுக்கிக் கெடுக்காது."



"ப்ரோக்ராம்ல ஏதாவது கோளாறா இருக்கும் மேடம்" என்றான் கட்டிங் மாஸ்டர். குரல் கொஞ்சம் மேலே போயிருந்தது.

பட்டாசுக்குச் சுர்ரென்று ஏறியது. "பாஸ், எங்கே சுத்திட்டு எங்கே வர்றீங்க? எனக்குக் கால் உடைஞ்சு கிடந்தப்போ, மூணு மாடி தினம் என்னை முதுகுல தூக்கிட்டு ஏறினவன் இவன். என் சொந்த அண்ணன் அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கலை. இவனைச் சந்தேகப்படறதும் என்னைச் சந்தேகப்படறதும் ஒண்ணு."

"உன்னை நான் தினமும்தான் சந்தேகப்படறேன்" என்றார் கழுகு அமைதியாக. பிறகு கட்டிங் மாஸ்டரைப் பார்த்தார். "கோளாறா இருந்தாலும் இருக்கலாம் தம்பி. அந்த மூலையில இருக்கறது உங்க கம்ப்யூட்டர்தானே? அதுலயும் இதே ப்ரோக்ராம்தானே? அந்த டிக் எங்கே இருக்குன்னு காட்டுங்க. கூட்டத்துல நான் விளக்கிச் சொல்லணும்ல."

அவன் தயங்கினான். மனைவி, "காட்டுங்களேன்" என்றாள். எழுந்து போய் உட்கார்ந்தான்.

மூலையில் இருந்தது பழைய பெரிய கம்ப்யூட்டர். அவன் ப்ரோக்ராமைத் திறந்து காட்டினான். டிக் இருந்தது, இருக்க வேண்டிய இடத்தில் ஒழுங்காக.

"வீட்டுல டிக்கை எடுக்கற பழக்கம் இல்லை போலிருக்கே" என்றார் கழுகு. அவன் சட்டென்று மூடப் போனான். மூடியதும் பின்னால் இருந்த ஃபோல்டர்கள் தெரிந்தன. சீட்டு விளையாட்டு. பில். போட்டோ. பாட்டு.

சூடாக இருந்த காற்றை ஆற்றத்தான் பட்டாசு வாயைத் திறந்தான். வேறு எந்த எண்ணமும் அவனுக்கு இல்லை.

"பாட்டா? டேய் மாப்ளே, உனக்கு எதுக்குடா பாட்டு? பள்ளிக்கூடத்துல பாட்டு வாத்தியார் உன்னை வெளியே அனுப்பிட்டுக் கதவைத் தாழ் போடுவாரே, மறந்துடுச்சா? ரேடியோ பாடினாலே தலைவலின்னு அணைக்கிற ஆளு!"

சொல்லி முடிப்பதற்குள் நண்பனின் கையைப் பார்த்துவிட்டான். மவுஸைப் பிடித்திருந்த விரல்கள் வெளுத்திருந்தன.

"அதைத் திற பட்டாசு" என்றார் கழுகு.

"பாஸ்..."

"திற."

பட்டாசு குனிந்தான். நண்பனின் விரல்களை ஒவ்வொன்றாக மவுஸிலிருந்து விலக்கினான். அவன் தடுக்கவில்லை. ஃபோல்டர் திறந்தது.

ஒரு பாட்டுகூட இல்லை. நாற்பது படங்கள். முதல் படத்தில் ஏழு மாதத்துக்கு முந்தைய தேதி. அடுத்ததில் மூன்று நாள் கழித்து. அடுத்ததில் ஒரு வாரம் கழித்து. நடுவில் இரண்டு வாரம் ஒன்றுமே இல்லை.

"அப்போ எனக்குக் காய்ச்சல்" என்றாள் டிசைனர். திரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். ஏதோ வேற்று மனுஷியின் காய்ச்சலைப் பற்றிச் சொல்வதுபோல் இருந்தது.

"இந்த ஃபோல்டர் உண்டானது ஒன்பதாம் தேதி. அன்னைக்கு இதை இறக்கி, பென் டிரைவ்ல போட்டுச் சின்னவருக்குக் குடுத்திருக்கீங்க" என்றார் கழுகு. "அன்னைக்குத் தேதியைப் பத்தி உங்களுக்கு எந்தக் கவலையும் இல்லை, அதனால டிக்கைத் தொடலை. தேதி வம்பாகும்னு பின்னாடிதான் தோணியிருக்கு. உடனே லாப்டாப்புல தண்ணி கொட்டியிருக்கு. வீட்டுக்காரியோட படத்துல எல்லாம் பொய்த் தேதி. களவு போன சரக்குல மட்டும்தான் உண்மையான தேதி இருக்கு. இதை ஏன் அழிக்கலை?"

"மனசு வரலை." கட்டிங் மாஸ்டர் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "அவ ஏழு மாசம் உட்கார்ந்து வரைஞ்சது. எப்பவாவது திருப்பிக் குடுத்துடலாம்னு..."

"ஏன்டா?" என்றான் பட்டாசு. "காசு குடுத்தானா அவன்?"

"காசா! சீ." முதல் தடவையாக நிமிர்ந்தான். "ஜெயிக்கிற ஷூவை வரைஞ்சவங்களைத் தலைமை ஆபீஸுக்கு அனுப்பிடுவாங்க. வேற ஊரு. மூணு வருஷம். இந்த ஷூ ஜெயிக்கும்னு பார்த்த உடனே தெரிஞ்சுபோச்சு எனக்கு. அவ போயிடுவா. அங்கே பெரிய பெரிய ஆளுங்க. அப்புறம் தோல் வெட்டறவன் ஞாபகம் வருமா அவளுக்கு? சின்னவர் ஜெயிச்சா சின்னவர் போகட்டும், இவ இங்கேயே இருப்பா. அவ்வளவுதான் நெனைச்சேன். ரெண்டு பேருக்கும் ஒரே யோசனை வந்துடுச்சுன்னு பேசி முடிச்சுக்கலாம்னுதான் சின்னவர் சொன்னாரு. திருடின்னு ஆகும்னு சத்தியமா எனக்குத் தெரியாது."

டிசைனர் மெதுவாகத் திரும்பினாள்.

"ஆனதுக்கு அப்புறம் தெரிஞ்சுதுல்ல?"

எழப் போனவனைக் கையைக் காட்டி நிறுத்தினாள்.

"நேத்து உங்க தோள்ல சாஞ்சு அழுதேன். சட்டையே நனைஞ்சுபோச்சு. சாட்சி ஒண்ணு கிடைச்சா போதும்னு புலம்பினேன். நீங்க என் தலையைத் தடவிக் குடுத்துக்கிட்டே இருந்தீங்க. இந்தக் கம்ப்யூட்டர் உங்க முதுகுக்குப் பின்னாடிதானே இருந்துது?"

அவள் கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று பட்டாசுக்குத் தோன்றியது. கத்தவில்லை. முகம் கழுவப் போனாள். தண்ணீர் சத்தம் வெகு நேரம் கேட்டது.

* * *

நாலு மணிக்கு மேனேஜர் அறையில் பட்டாசு அந்தப் பெரிய கம்ப்யூட்டரைச் சுமந்துகொண்டு நின்றான். கட்டிங் மாஸ்டரும் கூடவே வந்திருந்தான். வெளியே வராந்தா பெஞ்சில் உட்கார்ந்துகொண்டான். யாரும் அவனை வா என்று சொல்லவில்லை, வராதே என்றும் சொல்லவில்லை.

கழுகு படங்களைத் திறந்து காட்டினார். மேனேஜர் ஒவ்வொரு தேதியாகப் பார்த்தார். ஏழு மாதத்துக்கு முன்னால் சின்னவர் இந்தக் கம்பெனியில் சேரவே இல்லை என்பதும் அவருக்கு ஞாபகம் வந்தது. அவர் முகம் மாறுவதைப் பார்த்துச் சின்னவர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

"தேதியை யார் வேணா மாத்தலாம் சார். கம்ப்யூட்டர்ல கடிகாரத்தைத் திருப்பி வெச்சா போதும்."

"நூத்துக்கு நூறு சரி" என்றார் கழுகு. சின்னவர் அதை எதிர்பார்க்கவில்லை. "தேதியை நம்பித்தானே இந்தப் பொண்ணைத் திருடின்னீங்க. இப்ப அதே தேதியை நம்ப வேண்டாம்ங்கறீங்க. சரி, விட்டுடுவோம். இந்த நாற்பதுல பதிமூணு படம் தோத்துப்போனது சார். குதிகால் மடங்குது, ஆனா எழும்பலை. ஒண்ணுல எழும்புது, கால் நுழையலை. திருத்தித் திருத்தித்தான் கடைசிப் படம் வந்திருக்கு. தம்பி, ஜெயிச்ச படத்தைக் குடுத்தீங்க. நீங்க தோத்த படம் ஒண்ணே ஒண்ணு காட்டுங்க, நாங்க எழுந்து போயிடறோம்."

"அதெல்லாம்... அப்பப்போ அழிச்சுடுவேன்."

"முதல் தடவையே சரியா வரைஞ்சிருப்பாரு பாஸ்" என்றான் பட்டாசு. "ஒரே நிமிஷத்துல நாற்பது வரையற ஊரு இது."

மேனேஜர் இருமினார். "இருந்தாலும் மேடம், அவர் சொல்றதுலயும் ஒரு நியாயம் இருக்கு. தேதியை மட்டும் வெச்சு நான் மேலே என்ன சொல்றது? இது யாரோட கம்ப்யூட்டர்? இந்தப் படம் இதுக்குள்ள எப்படி வந்துது?"

கழுகு டிசைனரைப் பார்த்தார். வீட்டிலிருந்து கிளம்பும்போதே அவளிடம் சொல்லியிருந்தார். தேதி பாதிதான் பேசும், மீதியை ஆள்தான் பேசணும். அந்த ஆளைக் காட்டிக் கொடுத்தால் அவன் வேலை போகும். காட்டுவதும் காட்டாததும் உன் இஷ்டம்.

டிசைனர் தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பதினான்கு வருஷமாகப் புருஷன் வேலைக்குத் தாமதமாக வந்த நாளுக்கும், கோபத்தில் யாரையாவது பேசிய நாளுக்கும் அவனுக்காக மன்னிப்புக் கேட்டவள் அவள்தான். பட்டாசுக்கு அது தெரியும். அதனால் அவள் சொல்லமாட்டாள் என்று நினைத்தான். சொல்லக்கூடாது என்றும் ஒரு ஓரத்தில் நினைத்தான். அந்த ஓரத்தை நினைத்து வெட்கப்பட்டான்.

"என் வீட்டுக்காரரோடது சார். வெளியே பெஞ்சுல இருக்காரு. கூப்பிட்டுக் கேளுங்க."

கட்டிங் மாஸ்டர் உள்ளே வந்தான். சின்னவர் அவனைப் பார்த்துக் கண்ணாலேயே ஏதோ கெஞ்சினான். அவன் பார்த்தது மனைவியை. அவள் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவதான் வரைஞ்சா சார்" என்றான். "நான்தான் திருடிக் குடுத்தேன். தேதியையும் நான்தான் மாத்தினேன்."

சின்னவர் எழுந்து, யாரிடமும் சொல்லாமல் அறையை விட்டுப் போனான். நாற்காலி சுழன்று நின்றது.

மேனேஜர் கண்ணாடியைத் துடைத்தார், மறுபடி துடைத்தார். "என்னை மன்னிச்சுடும்மா. ஆனா இவர் எதுக்கு இப்படிப் பண்ணணும்? என்ன லாபம்?"

"இந்த ஷூ ஜெயிச்சா நான் தலைமை ஆபீஸுக்குப் போயிடுவேன்னு பயமாம் சார்."

"தலைமை ஆபீஸா?" மேனேஜர் குழம்பிப்போய் கட்டிங் மாஸ்டரைப் பார்த்தார். "போட்டியை அறிவிச்ச அன்னைக்கே இவங்க வந்து சொல்லிட்டுப் போனாங்களே, என் ஷூ ஜெயிச்சாலும் வேற யாரையாவது அனுப்புங்க சார், நான் இல்லாம அவரால இருக்க முடியாதுன்னு. உங்களுக்குத் தெரியாதா?"

கட்டிங் மாஸ்டர் மனைவி பக்கம் திரும்பினான்.

"நீ... சொல்லவே இல்லையே" என்றான்.

"சொன்னா, உங்களுக்காக விட்டுக்குடுத்துட்டேன்னு மனசு கஷ்டப்படுவீங்க. அதான் சொல்லலை."

பட்டாசு தன் வாழ்நாளில் எத்தனையோ அறைகளில் நின்றிருக்கிறான். எல்லா அறையிலும் ஏதாவது ஒரு சிரிப்பு மிச்சம் இருக்கும். இங்கே தேடிப் பார்த்தான். இல்லை.

டிசைனர் புடவைத் தலைப்பை இழுத்துச் சரிசெய்துகொண்டு மேனேஜரிடம் திரும்பினாள்.

"அந்த இடம் இன்னும் காலியாத்தான் இருக்கா சார்?"

"இருக்கும்மா."

"அப்போ நான் போறேன்னு எழுதிக்குங்க. எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம்."

அவள் வெளியே நடந்தாள். கழுகு அவள் பின்னால் போனார். கட்டிங் மாஸ்டர் பட்டாசின் முழங்கையைப் பிடித்தான். "மாப்ளே, நீயாவது சொல்லுடா. நீ சொன்னா கேப்பா."

பட்டாசுக்கு மூன்று மாடியும் அந்த முதுகும் ஞாபகம் இருந்தது. கம்ப்யூட்டரை மேஜை மேலிருந்து தூக்கினான். வரும்போது சுமந்ததைவிட இப்போது அதிகமாகக் கனத்தது.

"வழியை விடுங்க சார்" என்று சொல்லிவிட்டு, அவனைச் சுற்றிக்கொண்டு வெளியே போனான்.